காய்வதற்கு முன்

கடலில் விழுந்த விமானத்தின் பதிவுப் பெட்டியை மீட்பவர்கள் அதை மேலே எடுத்ததும் துடைத்து உலர்த்துவதில்லை. மறுபடியும் தண்ணீரிலேயே போடுகிறார்கள். நல்ல தண்ணீர் நிரப்பிய கலத்துக்குள் மூழ்கிய நிலையிலேயே அது ஆய்வகம் வரை பயணம் செய்கிறது. உலர்த்தும் வேலை அங்கே, அதற்கான ஏற்பாடுகளோடு நிதானமாக நடக்கும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் பதிவுப் பெட்டிகள் ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் கிடந்தன. 2011 மே மாதம் மீட்கப்பட்ட பிறகு அவற்றிலிருந்த பதிவுகளைப் படிக்க முடிந்தது. கடல்நீருக்குள் அத்தனை காலம் தாக்குப்பிடித்த ஒரு பொருளை வெறும் காற்றில் சில மணி நேரம் உலரவிட வல்லுநர்கள் ஏன் தயங்குகிறார்கள்? கடல்நீர் காயும்போதுதான் அதிலுள்ள உப்பு செறிந்து படிகமாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் அந்தச் செறிந்த உப்புநீரும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன. கடலடியில் படமெடுத்துவிட்டுப் படகில் ஏறுபவர் கேமராவின் முகப்பைத் துண்டால் துடைக்கக் கை நீட்டுகிறாரே, அவருக்கும் இதே பாடம் பொருந்தும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கடல் கண்ட லென்ஸைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் கரைக்கும் வேலை. தேய்க்கும் வேலை அதில் மிகச் சிறிய, கடைசிப் பகுதி. அந்த வரிசை புரண்டால்தான் கண்ணாடி கெடுகிறது.

எந்தக் கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோவின் குழுவுக்காக பெல்ஜியப் பொறியாளர் ழான் த வூட்டெர் வடிவமைத்த கலிப்ஸோ கேமராவை நிக்கான் நிறுவனம் தன்னுடையதாக்கி 1963இல் நிக்கோனோஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அந்த வரிசையில் வந்த 15 மில்லிமீட்டர் லென்ஸின் முன்கண்ணாடி நேரடியாகக் கடல்நீரில் நனையும். இன்று நிலைமை வேறு. சாதாரண கேமராவை ஹவுசிங் எனப்படும் நீர்புகாப் பெட்டிக்குள் வைத்து மூடி எடுத்துச் செல்கிறார்கள். பெட்டியின் முன்னால் தட்டையான கண்ணாடியோ, அரைக்கோள வடிவில் டோம் போர்ட்டோ இருக்கும். கடல் தொடுவது அதைத்தான். உள்ளே இருக்கும் லென்ஸ் காற்றில் பத்திரமாக இருக்கிறது. நுண்ணிய உயிர்களைப் பெரிதாக்கிக் காட்ட நீருக்குள்ளேயே போர்ட்டின் முன்னால் மாட்டும் 'வெட் லென்ஸ்' என்று ஒன்றும் உண்டு. அதற்கும் போர்ட்டுக்கும் இடையே கடல்நீர் நிற்கும், மேலே வந்ததும் அங்கேயே காயும். இவற்றில் சில ஒளியியல் கண்ணாடியால் ஆனவை, சில அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். சுத்தம் செய்யும்போது இரண்டும் வெவ்வேறு பிராணிகள் என்பதை நினைவில் வைக்காதவர்தான் அதிகம் இழக்கிறார்.

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. செங்கடலில் அது 40 கிராம் அளவுக்கு உயரும். பால்டிக் கடலில் பல இடங்களில் பத்துக்கும் கீழே இறங்கும். சராசரிக் கடலின் ஒரு துளி, அதாவது 0.05 மில்லிலிட்டர், காய்ந்தால் ஒன்றேமுக்கால் மில்லிகிராம் உப்பு மிஞ்சும். குளியலறைக் கண்ணாடியில் காணும் நீர்க்கறையோடு ஒப்பிட்டால் இது பெரிய குவியல். ஆனால் அளவைவிட முக்கியமானது, எது எப்போது படிகிறது என்பது. 1849இல் உசிலியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரைச் சிறுகச் சிறுக ஆவியாக்கி இந்த வரிசையைக் கண்டார். நீர் பாதியாகக் குறையும்போது கால்சியம் கார்பனேட் படியத் தொடங்குகிறது. ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்கான பிறகுதான் நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடு. கடைசியில் மக்னீசியத்தின் கசப்பு உப்புகள். உப்பளங்களில் பாத்தி பாத்தியாகக் கடல்நீரை நகர்த்துவதன் பின்னால் இருக்கும் அறிவியலும் இதுதான்: முன்பாத்திகளில் ஜிப்சம் இறங்கிவிட வேண்டும், உப்பு அடுத்ததில் விளைய வேண்டும், கசப்பு நீரை வடித்து வெளியேற்ற வேண்டும். டோம் போர்ட்டில் ஒட்டிய துளியோ இந்த எல்லாக் கட்டங்களையும் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக நிகழ்த்திவிடுகிறது. கண்ணாடியை ஒட்டி அடியில் அமர்வது கரைவதற்கு மிகக் கடினமானது.

காய்ந்தால் என்ன, பிறகு தண்ணீர் விட்டால் உப்பு கரைந்துவிடுமே என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் 360 கிராம் சோடியம் குளோரைடைக் கரைக்கும். ஜிப்சத்தை இரண்டரை கிராம் அளவுக்கே கரைக்கும். தூய நீரில் கால்சியம் கார்பனேட் கரைவது லிட்டருக்கு 13 மில்லிகிராம் போல. ஆகவே தாமதமாகக் கழுவினாலும் கறையின் பெரும்பகுதி போய்விடும். மங்கலான ஒரு வெள்ளை வளையம் மட்டும் பிடிவாதமாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் மனிதர் துணியை எடுத்து அழுத்தித் தேய்க்கத் தொடங்குகிறார். அதே துளி ஈரமாக இருந்தபோது அதில் அந்த ஜிப்சமும் கார்பனேட்டும் அயனிகளாக மிதந்துகொண்டிருந்தன. ஒரு கோப்பை நல்ல தண்ணீர் அவற்றை அடித்துக்கொண்டு போயிருக்கும். மக்னீசியம் குளோரைடு செய்வது வேறு வகைத் தொல்லை. காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடலோரத்தில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. எனவே கழுவாமல் வைத்த ஹவுசிங் காய்ந்ததாகத் தோன்றினாலும் அதன் இடுக்குகளில் உப்புநீர்ப் படலம் இரவும் பகலும் உயிரோடு இருக்கும். அலுமினியத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழுவது அந்தப் படலத்தின் வேலை.

உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறும் என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படியே ஏற்க முடியாத கூற்று இது. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் உப்பு இரண்டரை. ஒளியியல் கண்ணாடிகள் ஐந்து, ஆறு என்ற எல்லைக்குள் வரும். மென்மையானது கடினமானதைக் கீறாது. உப்போடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் மணல்தான் உண்மையான குற்றவாளி. குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை ஏழு. அது எந்த லென்ஸையும் கீறும். பவளத்தீவுகளின் வெள்ளை மணல் கால்சியம் கார்பனேட் என்பதால் மூன்று, நான்கு என்ற அளவில் நின்றுவிடும். கண்ணாடி அதற்குத் தப்பிக்கும், அக்ரிலிக் தப்பிக்காது. அக்ரிலிக் இருப்பது உப்பின் அண்டை வீட்டில். அதன் மேல் உப்புப் படிகத்தின் கூர்முனையை வைத்து அழுத்தினாலே சுவடு விழக்கூடும். கண்ணுக்குத் தெரியாத டயட்டம் பாசிகளின் ஓடுகள் சிலிக்காவால் ஆனவை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காயும் உப்பு ஒரு சாந்துபோல இந்தத் துகள்களையெல்லாம் கண்ணாடியோடு பிணைத்து வைக்கிறது. அந்தச் சாந்து கரையுமுன் துணி அதன் மேல் ஓடினால், துணி உப்புத்தாளாக மாறிவிடுகிறது.

பூச்சு பற்றியும் சொல்ல வேண்டும். பூச்சில்லாத லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நான்கு சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வேடிக்கை என்னவென்றால், இதற்கான மருந்து ஒரு கறையிலிருந்து கிடைத்தது. 1892இல் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர், காலத்தால் மங்கிக் கறையேறிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். 1935இல் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா வெற்றிடத்தில் மெல்லிய படலம் ஏற்றும் முறையை உருவாக்கினார். மக்னீசியம் ஃப்ளோரைடு படலத்தின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் எழுநூறில் ஒரு பங்குக்கு அருகில். இன்றைய லென்ஸ்களில் இப்படிப் பல அடுக்குகள் இருக்கின்றன. சூட்டில் இறுகிய நல்ல பூச்சு மென்மையான துணிக்கு அசையாது. ஆனால் மணல் ஒரு முறை உழுதுவிட்டால் திரும்ப முளைக்க அங்கே எதுவும் இல்லை.

இந்த வாதத்துக்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை அனுபவசாலிகளே சொல்கிறார்கள். நீருக்குள் போனால் டோம் போர்ட்டின் வெளிக்கீறல்கள் மறைந்துவிடுகின்றன, பிறகு எதற்கு இத்தனை பத்தியம் என்பது அவர்கள் கேள்வி. இயற்பியல் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, காற்றினுடையது 1. இந்த வேறுபாட்டால் காற்றில் நான்கு சதவீத ஒளி எதிரொளிக்கிறது. நீரின் எண் 1.33, அக்ரிலிக்குக்கும் நீருக்கும் இடையிலான எல்லையில் எதிரொளிப்பது 0.3 சதவீதம் மட்டுமே. கீறலின் பள்ளத்தை நீர் நிரப்பியதும் ஒளிக்கு அந்தப் பள்ளம் கிட்டத்தட்டத் தெரிவதில்லை. ஆனால் இந்த மன்னிப்பு வெளிப்பரப்புக்கு மட்டும், அதுவும் முழுதும் மூழ்கியிருக்கும்போது மட்டும். டோமின் உட்பரப்பைத் தொட்டிருப்பது காற்று. அங்கே விழுந்த கீறல் எத்தனை ஆழம் போனாலும் அப்படியே தெரியும். பாதி நீருக்கு மேல், பாதி நீருக்குக் கீழ் என்று ஒரே சட்டத்தில் எடுக்கும் படங்களில் மேல்பாதிக் கீறல்கள் வானத்தில் கோடுகளாக நிற்கும். சூரியனை நோக்கி எடுக்கும்போது 0.3 சதவீதம்கூட ஆயிரம் நுண்கீறல்களில் சிதறிப் படத்தின் கருமையை வெளிற வைக்கும். தவிர, நீர் ஒளித்துவைப்பது கீறலை மட்டும்தான்; உலர்ந்து இறுகிய கார்பனேட் கறைகளையோ எண்ணெய்ப் படலத்தையோ அது முழுமையாக மறைப்பதில்லை. ஆக, எதிர்வாதம் சரி. அதிலிருந்து அலட்சியத்துக்குத் தாவுவதுதான் தவறு.

சரி, எப்படிக் கரைப்பது? கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் முக்குவதே உத்தமம். அதற்கு வழியில்லாத படகில் ஈரத் துண்டால் மூடி நிழலில் வைத்தால் போதும். துளிகள் காயாமல் காலத்தை நிறுத்திவைப்பதுதான் நோக்கம். செங்கடல் போன்ற இடத்தில் பாலைவனக் காற்று வறண்டு வீசும், நீரும் உப்பு மிகுந்தது. அங்கே துளி விரைந்து காய்ந்து கனமான கறையை விடும். நம் கடலோரப் புழுக்கத்தில் சற்றுக் கூடுதல் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். முக்கிய பிறகு எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிடலாம். அசையாத நீரில் உப்பு அயனிகள் தாமாகப் பரவி வெளியேறும் வேகம் மிகக் குறைவு. தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பது பரவலின் விதி. ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள இடுக்கிலிருந்து உப்பு வெளியேறப் பத்து நிமிடம் போல ஆகும். ஐந்து மில்லிமீட்டர் ஆழமென்றால் நான்கு மணி நேரத்துக்கும் மேல். அரை மணி நேர ஊறல் கண்ணாடிப் பரப்புக்கும் போர்ட்டின் விளிம்புக்கும் தாராளம். பொத்தான்களின் தண்டுகளுக்கு அது போதவே போதாது. ஆகவே தண்ணீருக்குள் வைத்தே ஒவ்வொரு பொத்தானையும் பலமுறை அழுத்த வேண்டும், குமிழ்களைத் திருப்ப வேண்டும். அந்த அசைவு பழைய நீரைத் தள்ளிப் புதிய நீரை உள்ளே இழுக்கிறது. பரவலுக்கு மணிக்கணக்கில் ஆவதைச் சில நொடிகளில் முடிக்கிறது. வெட் லென்ஸைக் கழற்றாமல் முக்குவது பயனற்றது. அதற்கும் போர்ட்டுக்கும் நடுவே நிற்கும் கடல்நீர் வெளியேற வழி பார்த்துக்கொண்டே நிற்கும்.

ஸ்கூபா படகுகளில் எல்லோருடைய கேமராவும் ஒரே தொட்டியில் கிடக்கும். அந்தத் தொட்டி நீர் சீக்கிரமே கடல்நீராகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 லிட்டர் தொட்டி, இருபது கேமராக்கள், ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டர் கடல்நீரைச் சுமந்து வருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் சேரும் உப்பு 70 கிராம். லிட்டருக்கு 0.7 கிராம், கடல்நீரில் ஐம்பதில் ஒரு பங்கு. கரைக்கும் வேலைக்கு அந்த நீர் இன்னும் நன்றாகவே உதவும். தொட்டியின் ஆபத்துகள் வேறு: அடியில் சேர்ந்த மணல், மேலே மிதக்கும் சன்ஸ்கிரீன் எண்ணெய், ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் ஹவுசிங்குகள். டோம் மேல் அதன் உறையைப் போட்டே முக்குவதும், வேலை முடிந்ததும் எடுத்துவிடுவதும் புத்திசாலித்தனம்.

நல்ல தண்ணீரில் ஊறவைத்தால் கசிவு வராதா என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அச்சம் முழுக்க ஆதாரமற்றதல்ல. ஹவுசிங்கின் மூடி இணைப்பில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், அழுத்தம் கூடக் கூடத் தன் பள்ளத்தில் இன்னும் இறுக்கமாகப் பதியும். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆழமற்ற தொட்டியில் அந்த இறுக்கம் இல்லை. சரியாகப் பதியாத ஓ-ரிங் இருபது மீட்டரில் சமாளித்துவிட்டு வாளியில் கசிவது நடக்கக்கூடியதே. ஆனால் அதன் பொருள் என்ன? அந்த ஓ-ரிங்கில் ஏற்கெனவே ஒரு முடியோ மணலோ சிக்கியிருக்கிறது. கடலுக்குள் இறங்கும் முதல் அரை மீட்டரிலும் அதே ஆபத்து இருந்தது. வாளியில் கசிவது நல்ல தண்ணீர், அங்கே கசிந்திருக்க வேண்டியது உப்புநீர். கசிவுக்கு அஞ்சுபவர் உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொரு பழக்கத்துக்கு. ஸ்கூபா சிலிண்டரின் குழாயில் ஊதுகுழலை மாட்டி, பீய்ச்சும் காற்றால் கேமராவை உலர்த்துகிறார்கள். அந்தக் குழாயில் வரும் காற்றின் அழுத்தம் ஒன்பது, பத்து பார். அது தொண்ணூறு மீட்டர் ஆழத்து நீரழுத்தத்துக்குச் சமம். பொழுதுபோக்கு ஹவுசிங்குகள் பலவும் 40 முதல் 60 மீட்டர் வரைக்கே செய்யப்படுகின்றன. ஊதுகுழலின் மூக்கை நெருக்கமாக வைத்துப் பக்கவாட்டில் ஊதினால், ஓ-ரிங் எதிர்பார்க்காத திசையிலிருந்து உப்புநீரை உள்ளே துரத்திவிடலாம். கையால் அழுத்தும் ப்ளோயர் எவ்வளவோ மேல்.

இனி இரண்டாவது உலர்தல். கடல்நீர் போய்விட்டது, இப்போது மேலே இருப்பது கழுவிய நீர். அதுவும் கறை விடும். கிணற்று நீரிலும் ஆழ்துளை நீரிலும் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சென்னைப் புறநகர்களில் குழாயின் முனையில் வெள்ளையாகப் படர்ந்து நிற்பது அதுதான். கடைசியாக ஒரு முறை காய்ச்சி வடித்த நீரையோ ஆர்ஓ நீரையோ டோமின் மேல் ஊற்றினால் இந்தத் தொல்லை ஏறக்குறைய முடிந்துவிடும். ஒரு குவளைத் தண்ணீர் போதுமான இடத்தில் விலையுயர்ந்த திரவங்கள் எதற்கு என்பது என் எண்ணம். துளிகளை ஒட்டவிடாத பூச்சு, அதாவது நீரை விலக்கும் ஃப்ளோரின் படலம் உள்ள கண்ணாடிகளில் நீர் உருண்டு ஓடிவிடும். ஓடாமல் நின்ற துளி மட்டும் சின்ன, ஆனால் அழுத்தமான புள்ளியை விடும். மீதித் துளிகளை மென்மையான துணியின் நுனியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றுதல் வேறு, துடைத்தல் வேறு. ஒற்றும்போது துணி பரப்பின்மேல் நகர்வதில்லை, ஆகவே தங்கிப்போன துகளை இழுத்துச் செல்வதில்லை.

துடைக்கவே வேண்டிய நிலை விரல் ரேகைக்கும் சன்ஸ்கிரீனுக்கும்தான் வரும். எண்ணெய் நீரில் கரையாது. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீர். அதில் நனைத்துப் பிழிந்த சுத்தமான மைக்ரோஃபைபர் துணி. துணியின் எடையைத் தாண்டிய அழுத்தம் வேண்டியதில்லை, ஒவ்வொரு முறையும் மடிப்பை மாற்ற வேண்டும். வட்டமாகத் துடைப்பதா, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைப்பதா என்று ஒரு ஓயாத சண்டை உண்டு. துகள் போன பிறகு இரண்டும் ஒன்றுதான். துகள் இருக்கும்போது இரண்டுமே கெடுதல். பையின் அடியில் மாதக்கணக்கில் கிடந்த மைக்ரோஃபைபர் துணியை விட மோசமான கருவி வேறில்லை என்பது மட்டும் உறுதி, ஏனென்றால் அதன் இழைகள் தூசியைப் பிடித்துவைக்கவே செய்யப்பட்டவை.

ஆல்கஹால் பற்றி இரண்டாவது பெரிய எதிர்வாதம் எழுகிறது. லென்ஸ் ஆலைகளிலும் பழுதுபார்க்கும் இடங்களிலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் அசிட்டோனையும் கொண்டுதானே கண்ணாடியைச் சுத்தம் செய்கிறார்கள்? உண்மைதான். கண்ணாடிக்கு அவை தீங்கு செய்வதில்லை. ஆனால் அங்கே துடைக்கப்படுவது பெரும்பாலும் தனியாகப் பிரித்தெடுத்த கண்ணாடி வில்லை, துடைப்பவர் என்ன பொருள் என்று அறிந்தவர். அக்ரிலிக் டோமில் அதே திரவம் வேறு விதமாக வேலை செய்கிறது. வளைத்து உருவாக்கும்போதும், வளையத்தில் இறுக்கிப் பொருத்தும்போதும் அக்ரிலிக்கின் உள்ளே இழுவிசைகள் தங்கிவிடுகின்றன. ஆல்கஹாலும் அசிட்டோனும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து பிடிப்பைத் தளர்த்தும்போது அந்த விசைகள் விடுபட்டு, பரப்பெங்கும் மயிரிழை விரிசல்கள் வலைபோலப் பரவும். விமான ஜன்னல்கள் அக்ரிலிக்கால் ஆனவை; அவற்றை ஆல்கஹாலும் அம்மோனியா கலந்த கண்ணாடி திரவங்களும் தொடக்கூடாது என்று பராமரிப்பாளர்களுக்குக் கற்பிப்பதற்குக் காரணம் இதுவே. ஜன்னல் துடைக்கும் நீலத் திரவம் வீட்டுக் கண்ணாடிக்கு நல்லது, டோமுக்கு நஞ்சு. விரிசல் உடனே தெரியாது என்பது இன்னும் மோசம். சில வாரங்கள் கழித்துக் கண்டுபிடிப்பவர் பழியை வேறெங்கோ போடுவார். டோம் கண்ணாடியா அக்ரிலிக்கா என்று தெரியாதவர் சோப்பு நீரோடு நின்றுவிட வேண்டும். தட்டிப் பார்த்து ஓசையால் ஊகிப்பதை நான் நம்ப மாட்டேன், தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் தெளிவாகவே இருக்கும்.

ஏற்கெனவே இறுகிவிட்ட வெள்ளை வளையத்துக்கு என்ன செய்வது? கார்பனேட்டை மென்மையான அமிலம் கரைக்கும். வீட்டு வினிகரைப் பத்துப் பங்கு நீரோடு கலந்து, நனைத்த துணியைக் கறையின் மேல் சில நிமிடம் படியவைத்து, பிறகு நிறைய நீரால் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். வினிகர் ஜிப்சத்தைத் தொடாது; அதற்கு நீரும் நேரமும்தான் மருந்து, இரவு முழுவதும் ஊறினால் பலன் தெரியும். அலுமினிய ஹவுசிங்கை வினிகரில் மணிக்கணக்கில் ஊறப்போடுவது அரிப்பை நாமே அழைத்து வருவதாகும். முகமூடிக் கண்ணாடிக்கு எச்சில் தடவும் பழக்கத்தை லென்ஸுக்கும் நீட்டிப்பவர்கள் உண்டு. எச்சில் எண்ணெயை ஓரளவு தளர்த்தும், ஆனால் தன் பங்குக்குப் புரதப் படலத்தை விட்டுச்செல்லும். பற்பசையைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: அது தேய்த்து மெருகேற்றும் பொருள், கண்ணாடிப் பூச்சின் மேல் அதற்கு வேலையில்லை.

உட்பரப்பின் கதை தனி. வெளியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே ஒரு துளியும் கூடாது. அங்கே வரும் தொல்லை பெரும்பாலும் மூடுபனி. 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதமுள்ள படகுத்தளத்தில் ஹவுசிங்கை மூடினால், உள்ளே அடைபட்ட காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்ததும் பனித்துவிடும். 25 டிகிரிக் கடலில் டோமின் உட்புறம் அந்த வெப்பநிலைக்குச் சில நிமிடங்களில் இறங்கிவிடும். 24 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதமுள்ள ஏசி அறையில் மூடியிருந்தால் பனிப்புள்ளி 13 டிகிரிக்கு இறங்கியிருக்கும். வெப்பக் கடல் எதுவும் அவ்வளவு குளிராது. சிலிக்கா ஜெல் பொட்டலம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பனி படிந்ததைக் கண்டு படகிலேயே ஹவுசிங்கைத் திறந்து உள்ளே துடைப்பவர், தலைமுடியிலிருந்தும் விரல்நுனியிலிருந்தும் சொட்டும் கடல்நீரை, நீரின் மன்னிப்பு கிடைக்காத அந்த ஒரே பரப்பின் மேல் போடுகிறார். பனி தானாக மறையும். உட்பரப்புக்கு ப்ளோயர், அதன் பிறகும் தேவையென்றால் உலர்ந்த புதுத் துணியின் ஒரே ஒரு மென்தொடுதல்; அதற்கு மேல் எதுவும் செய்யாதிருப்பதே நல்லது.

கீறல் விழுந்தே விட்டால் அக்ரிலிக்குக்கு ஒரு சலுகை இருக்கிறது. அதன் மென்மைதான் அதைக் கீறவிட்டது. அதே மென்மை மெருகேற்றவும் இடம் தருகிறது. மைக்ரோ-மெஷ் போன்ற, படிப்படியாக நுண்மை கூடி 12,000 வரை செல்லும் தேய்ப்புத் துணிகளால், நிறைய நீர் விட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தின் கோடுகள் மறையும்வரை பொறுமையாகத் தேய்த்தால் வெளிப்பரப்பு தெளிவு பெறும். அலையடிக்கும் பாறைக்கரைகளில் படமெடுப்பவர்கள் அடிபடும் என்று தெரிந்தே அக்ரிலிக் டோமை விரும்புவதற்கு இது ஒரு காரணம், எடைக்குறைவு மற்றொன்று. கண்ணாடி டோமில் அந்த வழி இல்லை. அதன் கடினத்தை வெல்லும் பொடி அதன் பூச்சை முதலில் தின்றுவிடும், வளைவின் துல்லியமும் கையில் நிற்காது. பூச்சு உள்ள உட்பரப்பில் ஆழக் கீறல் விழுந்தால், கண்ணாடியோ அக்ரிலிக்கோ, அந்த டோமை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.